வண்டியை ஏன் விக்கிறேன்னா

விருதுநகர்
12.9.2025

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கன நானும் உங்கம்மாவும் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்கன நீயும் மாப்பிள்ளையும் ரோஷினிக்குட்டியும் சளி காய்ச்சல்னு படுக்காம நல்லபடியா இருக்கீகளான்னு மொதல்ல கேட்டுக்கிறேன். உங்கம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்ச பாடில்லை, படியேறாதேன்னு டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. சிவகாசிப் பக்கம் எங்கயாச்சும் வெடிச்சுச்சுன்னு டீவியில ஓடுனாப் போதும், நம்ம பட்டாசுக் கம்பெனிய மூடி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் மொட்டை மாடிக்கு ஏறிப்போயி எந்தத் திக்குல புகைன்னு பாத்துட்டுத்தான் அடுப்படிக்குப் போறா. இந்த வருசம் மழையும் இல்லை, அதனால சீசன் வேலை ஜோராப் போகுதுன்னு சொல்றாக, நமக்கென்ன அதைப்பத்தி. போன்ல பேசறதை விட்டுட்டு இந்த அப்பா எதுக்குக் காகிதத்தைத் தூக்குனாருன்னு நீ நெனைப்ப. போன்ல நீ என்னையப் பேச விடமாட்ட தாயீ, பாதி சொல்றதுக்குள்ள அழுதுருவ, இல்லன்னா ரோஷினி வந்து தாத்தான்னு மூஞ்சியக் காட்டும், எனக்கும் வாய் அடைச்சுப் போகும். அதனால ஒரே மூச்சுல எழுதிப்புடறேன், நீயும் ஒரே மூச்சுல படிச்சிரு, நடுவுல நிறுத்தி எனக்குப் போன் போடாத.

விசயம் நம்ம அம்பாசடர் பத்தித்தான். ஞாயித்துக்கெழமை நீ போட்ட சண்டை இன்னும் காதுல நிக்குது. அந்த வண்டி வெறும் வண்டி இல்லப்பா, அதுதான் நீங்கன்னு சொன்ன. நம்ம தெருவுல அந்த வண்டியில ஏறிப் போகாத கல்யாணப் பொண்ணு உண்டா, நானும் அதுலதான போனேன், அதை எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுக்க மனசு எப்படி வந்துச்சுன்னு கேட்ட. செலவை நானே பாத்துக்கிறேன், வண்டியப் புதுசாக்கி ரோஷினி கல்யாணம் வரைக்கும் வச்சிருப்போம்னு சொன்ன. சரிதாம்மா, உன் ஆசை தப்பில்லை. ராஜபாளையத்து மில்லுக்காரர் வீட்டுல இருந்து எம்பத்தொம்பதுல நான் அதை ஓட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு உங்கம்மா ஆரத்தி எடுத்தா, எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்த ஏத்துனப்போ எனக்கே கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் அது மேல உசுரு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரரு மெர்வின் நல்ல மனுசன்தான், பழைய காரா ஆறு வச்சிருக்காராம், பானெட்ட ஒரு விரலால தட்டிப் பாத்தே எந்த வருசத்துத் தகடுன்னு சொல்லிப்புட்டாரு. வெளிய எல்லாம் அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி, உள்ள சீட்டை மட்டும் பிச்சுப் போட்டுட்டுப் புதுசு தைச்சுக்கிறேன்னு அவரு சொன்னதும் நான் பின்கதவைப் படக்குன்னு சாத்திட்டேன்.

ரோஷினி தவழ்ற பிள்ளையா இருக்கும்போது நீங்க வந்தீகள்ல, அப்ப பிள்ளையப் பின்சீட்டுல மல்லாக்கப் போட்டு நீ போட்டோ எடுத்த. நான் வந்து தூக்குடி பிள்ளைய வெளியன்னு கத்துனேன். தெருவே வேடிக்கை பாத்துச்சு, மாப்பிள்ளை மூஞ்சி சுண்டிப்போச்சு, நீ ரெண்டு நாள் என்கூடப் பேசல. அன்னைக்கு எதுக்கு அப்படிக் கத்துனீகன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்க, நானும் வெயில்ல தகடு சுடும்னு சொல்லி மழுப்பிட்டு வாறேன். அது போக, நீ போன வருசம் பேஸ்புக்குல என்னையப் பத்தி எழுதுன பாரு, தொழிலாளிக்குத் தீக்காயம்னதும் ஆம்புலன்சுக்குக் காத்திருக்காம சொந்தக் கார்ல தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடுன மனுசன் எங்கப்பான்னு, அதை உங்கம்மா எல்லாருக்கும் காட்டுனா. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி ஆகிப்போச்சு. அதை எடுத்துரும்மா. இதைப் படிச்சு முடிச்சதும் நீயே எடுத்துருவ.

பாலம்மாளை உனக்குத் தெரியும். விஸ்வநத்தத்துக்காரி, நம்ம கம்பெனியில பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துன பொம்பளை, தீவாளிக்கு நம்ம வீட்டுக்கு வந்தா உனக்குன்னு தனியா முறுக்குப் பொட்டலம் கொண்டு வருவா. பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முந்தி, ஆவணி மாசம், சோதனைக்கு வந்தவுக மருந்து ரூம்ல கணக்குக்கு மேல ஆள் இருக்குன்னு நம்ம லைசென்ஸை நிறுத்தி வச்சிருந்தாக. வேலை நடக்கக் கூடாது, கேட்டு பூட்டித்தான் கெடந்துச்சு. நாக்பூர் ஆர்டர் பாதியில நிக்குது, நம்மகிட்ட முப்பது வருசமா வாங்குற ஆளு, போன் மேல போன் போடுறாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, ஞாயித்துக்கெழமை யாரு வரப்போறான்னு பின்பக்கம் ஒரே ஒரு ரூமைத் தெறந்து பாலம்மாளை மட்டும் வரச்சொன்னேன். நீ நிதானமான கை, ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொன்னேன். மத்தியானம் உச்சி வெயில்ல மருந்து குப்புன்னு பிடிச்சிருச்சு. பெருசா வெடிச்ச சத்தம் கூட இல்லை. அவளே நடந்து வெளிய வந்தா பிரீத்தி. நானும் போர்மேன் சங்கிலிமுத்துவும் ஈரச்சாக்கைப் போத்தி பின்சீட்டுல ஏத்துனோம், அவளே காலை மடக்கி உள்ள வச்சுக்கிட்டா. வாய் பேசுது, குரல் மட்டும் கம்மிப் போயிருந்துச்சு.

சிவகாசிப் பெரியாஸ்பத்திரிக்குப் பத்து நிமிசம். தீக்காயம்னு யாரைக் கொண்டு போனாலும் அங்க போலீசுக்குச் சீட்டு எழுதிருவாக, எந்தக் கம்பெனி, எந்த ரூம், இன்னைக்கு எப்படி வேலை நடந்துச்சுன்னு கேப்பாக. லைசென்ஸ் நிறுத்தி வச்ச கம்பெனியில ஆளை இறக்குனேன்னா அன்னைக்கே கம்பெனி போச்சு, நான் உள்ள போகணும். விருதுநகர்ல நம்ம டாக்டர் இருக்காரு, குடும்ப ஆளு, ஒரு வார்த்தை கேக்காமப் பாப்பாருன்னு என் புத்தி சொல்லுச்சு. நான்தான் ஓட்டுனேன். ஆஸ்பத்திரி வாசல் வந்துச்சு, நான் வண்டிய நிறுத்தல. சங்கிலிமுத்து என்னையத் திரும்பிப் பாத்தான். திருத்தங்கல் தாண்டி ஆனைக்குட்டம் அணைக்குப் பிரியற எடத்துக்குக் கொஞ்சம் முந்தி, பின்னால மூச்சு இழுக்குற சத்தம் நின்னுருச்சு. வண்டிய ஓரங்கட்டி எறங்கிக் கதவைத் தெறந்து பாத்தேன், போயிருந்தா. ரோட்டோரத்து மண்ணுல அப்படியே உக்காந்துட்டேன். பொறகு எந்திரிச்சு வண்டியத் திருப்பி அதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, இப்ப உங்க வாசல்ல வந்து நிக்கும்போதுதான் உசுரு போச்சுய்யான்னு பொய் சொன்னேன். ரூமைக் கூட்டிப்பெருக்க வந்தா, கெடந்த பழைய மருந்து பிடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்தேன். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்குமா ரெண்டு வருசம் அலைஞ்சேன், அபராதத்தோட முடிஞ்சுச்சு. உள்ள மூச்சுக்குழல் வெந்து வீங்கிருக்கு, சீக்கிரமா கொண்டாந்து குழாய் போட்டிருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்னாக. அதை நான் இதுவரைக்கும் உங்கம்மாகிட்ட கூடச் சொன்னதில்லை. சங்கிலிமுத்துவும் போன பங்குனியில செத்துப்போனான். இப்ப தெரிஞ்ச ஆளு நான் மட்டுந்தான்.

பாலம்மாள் மக மாரீஸ்வரி வருசா வருசம் வந்து நம்ம வண்டியக் கும்பிட்டுப் போறது உனக்குத் தெரியும். எதுக்குன்னு முழுசாத் தெரியாது. புருசன் பெத்தணன் இருக்கும்போதே பூவும் பொட்டுமா அகாலத்துல போனவளுக்கு, உசுரு பிரிஞ்ச எடத்துல பிடிமண் எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு, வீட்டுல வச்சு, சேலை சாத்திக் கும்பிடணும்கறது அவுக வழக்கம். அப்பத்தான் அவ வீட்டுச்சாமியா இருந்து பிள்ளைகளைக் காப்பா, இல்லன்னா ரோட்டுலயே நிப்பான்னு சொல்வாக. காரியம் முடிஞ்ச அன்னைக்கு அந்தப் பிள்ளை, பத்தொம்பது வயசு இருக்கும், என்கிட்ட வந்து அம்மா உசுரு எங்கன போச்சுங்கய்யான்னு கேட்டா. வண்டியிலதாம்மா போச்சு, மண்ணுக்கு எங்க போகன்னு சொல்லிட்டேன். குறி சொல்ற அவுக கோடாங்கிகிட்ட போய்க் கேட்டுட்டு வந்து, அப்ப அந்தச் சீட்டுதான் எங்கம்மாவுக்கு எடம்னு முடிவு பண்ணிட்டா. அன்னையில இருந்து ஒவ்வொரு ஆவணியும் வேலை பாக்குற பிரஸ்ல லீவு போட்டுட்டு வந்து, பின்சீட்டுல சேலை விரிச்சு, பூ வச்சு, சூடம் காட்டி, கடைசியில என் கால்லயும் விழுந்துட்டுப் போவா. நான் துண்ணூறு பூசி விடுவேன். இந்தக் கையாலதான்.

போன வியாழக்கெழமை வந்தா. கும்பிட்டு முடிச்சதும், அடுத்த வருசம் வண்டி இருக்காதும்மான்னு சொன்னேன். அவ கோபப்படல. நீங்க எம்புட்டுக் காலந்தான் வச்சுப் பாப்பீக, அந்தப் பின்சீட்டை மட்டும் எனக்குக் குடுத்துருங்கய்யா, லோடு ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி வீட்டுல வச்சுக்கிறேன், என் பிள்ளைகளும் கும்பிடட்டும்னா. அவளுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக. அந்தப் பிள்ளைகளும் என் பொய்க்கு முன்னால விழுந்து கும்பிடப் போகுதுகன்னு நெனைச்சதும் என்னால தாங்க முடியல. வாம்மா உங்கம்மா உசுரு போன எடத்தைக் காட்டுறேன்னு சொல்லி வண்டிய எடுத்தேன். உங்கம்மா உள்ள அவளுக்கு எலை போட்டுக்கிட்டு இருந்தா, சாப்பிட்டுப் போகட்டுமேன்னு கத்துனா, நான் நிக்கல. மாரீஸ்வரி பின்னால உக்காரல, அது சாமி எடமாச்சே, முன்னால என் பக்கத்துல உக்காந்தா. ஆனைக்குட்டத்துப் பக்கம் அந்த எடத்துல நிறுத்தி, இங்கனதான்னு காட்டுனேன். அவ எறங்கி முன்னாலயும் பின்னாலயும் பாத்தா. இது விருதுநகர் போற ரோடுல்லங்கய்யா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கமுல்ல இருக்குன்னா. ஆமாம்மான்னு சொல்லி எல்லாத்தையும் சொன்னேன், லைசென்ஸ், ஞாயித்துக்கெழமை, போலீசு, நம்ம டாக்டர், டாக்டரம்மா சொன்னது, ஒண்ணு விடல. பஸ்ஸும் லாரியுமா எங்களை உரசிக்கிட்டுப் போகுது. அவ அழுவா, செருப்பைக் கழட்டுவான்னு இருந்தேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனது எங்கம்மாவுக்குத் தெரியுமாங்கய்யான்னு கேட்டா. தெரியாதும்மா, அதுக்கு முன்னாடியே மயங்கிருச்சுன்னு சொன்னேன். அதுக்குப் பொறகுதான் அவ குனிஞ்சு மண்ணை அள்ளி முந்தியில முடிஞ்சா. வண்டியில ஏறல. வண்டிய விக்கிறதுன்னா வித்துக்கோங்க, எனக்கு அந்தச் சீட்டு வேணாம்னு சொல்லிட்டு, கையக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போயிட்டா.

பாலம்மாள் மயங்கல பிரீத்தி. வாசல்ல போர்டைப் பாத்துட்டா. மொதலாளி, ஆஸ்பத்திரி பின்னால போகுதேன்னா. நம்ம டாக்டர்கிட்ட போவோம்மா, அங்க நல்லாப் பாப்பாகன்னு சொன்னேன். சரிங்கய்யான்னா. அம்புட்டு வேதனையிலயும் சரிங்கய்யான்னுதான் சொன்னா.

மெர்வின் மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை வந்து வண்டிய எடுத்துட்டுப் போறாரு, அதைத் தடுக்காத. உங்கம்மாகிட்ட நானே இந்த வாரத்துக்குள்ள சொல்லிர்றேன், நீ முந்திக்காத. மாரீஸ்வரி ஸ்டேசனுக்குப் போனாலும் போகட்டும், போகலாம்னு நானே அவகிட்ட சொல்லிருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கன இருந்துக்கிட்டு வக்கீல் வைக்கிறேன்னு கெளம்பிறாதீக. மாப்பிள்ளைகிட்ட இதைப் படிச்சுக் காட்டணும்னு உனக்குத் தோணுச்சுன்னா காட்டு, ரோஷினிக்கு இப்ப வேணாம். அது நல்லாச் சாப்பிட்டு நல்லாப் படிக்கட்டும், உங்க ஊர்ல குளிர் வந்துச்சுன்னா காதை மூடிக் குல்லாய் போட்டு விடு. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, நாலு பேர் மனசு நோகாம வாழணும்னு மாரியம்மனை வேண்டிக்கிறேன். என் ஆசீர்வாதம் இன்னும் வேணும்னு நீ நெனைச்சா, அது உனக்கு எப்பவும் உண்டு.

இப்படிக்கு
உன் அப்பா
தங்கச்சாமி