மூக்கால் முனக வேண்டாம்

அம்மா,

மனிதர்கள் கண்டுபிடித்த எந்தக் குறியையும் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும் ஆற்றல் எனக்கு உண்டு. உன் பியானோ புத்தகம் மட்டும் விதிவிலக்கு. பிறைக்குக் கீழே புள்ளி வைத்த அந்தக் குறியை, வங்காள எழுத்தில் மூக்கொலியைக் காட்ட வரும் சந்திரபிந்துவைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான், "அந்த இடத்துல மூக்கால முனகணும்மா" என்றேன். நேற்று பியானோ மிஸ் எதிரிலேயே நீ முனகுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் சிரித்ததற்கு நானே பொறுப்பு. அதற்காக, "இனிமே அதைத் தொடமாட்டேன்" என்று பியானோவை மூடிவைப்பதா? விசாரித்துவிட்டேன். அந்தச் சுரத்தைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள். பியானோ ட்யூன் செய்பவர் சாயங்காலம் வருவார், திருப்பி அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நம் ஃப்ளாட்காரர்கள் துர்கா பூஜை முடிந்து நடத்தும் பிஜயா கூட்டத்தில் நீ வாசிக்கிறாய்.

ஜெயந்த்

பி.கு.: நீ வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசிப்பதை மெட்ரோ அறிவிப்பு என்று கேலி செய்தேன் அல்லவா? காலையில் நீ காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தபோது, நீட்டிப் பிடிக்கும் அந்த இடத்தை நானே வாசித்துப் பார்த்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்தியது யார் என்று பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமி, நம் காக்கிமா, கேட்டால், நீதான் என்று சொல்லிவிடு.