குடும்பச் சூழ்நிலை

செவ்வாய், இரவு பத்தரை

மகள் கவிதாவின் விண்ணப்பத்தை அலுவலகம் நிராகரித்துவிட்டது. வாரம் இரண்டு நாள் பிறை நகரிலுள்ள அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டிருந்தாள். காரணம் போதவில்லையாம்.

காரணம் இருந்தது. அனுப்புவதற்கு முன் என்னிடம்தான் திருத்தக் கொடுத்தாள். ‘அம்மாவைத் தனியே விட முடியாது’ என்ற வரி எனக்குப் பிடிக்கவில்லை. அதை அடித்துவிட்டு ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினேன்.

“சூழ்நிலைன்னா பாஸுக்கு என்னம்மா புரியும்? அவர் என்ன ஜோசியரா?” என்றாள், சாப்பிடும்போது.

“நான் தனியா பாசார் போய் காய்கறி வாங்கிட்டு வரேன்லா.”

“போறீங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்க எனக்கு வேலையே ஓடல.”

வகுப்பில் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுதுங்கள், ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்று எழுதாதீர்கள் என்று.

நாளை மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள். அவள் படுத்த பிறகு விண்ணப்பத் தாளில் நானே எழுதினேன்: அம்மா இரண்டு முறை தலைசுற்றி விழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டை மூன்றாக்கினேன். போன வாரம் குளியலறையில் விழுந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.