அண்ணி சட்டம் கேட்டாள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் எழுதினால் பொய்யாகிவிடும்.

போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் அண்ணன் போனிலேயே சீட்டாடி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, கடைசியில் தன்னையும் மாய்த்துக்கொண்டானே, அந்த ஆட்டத்துக்கு இருக்கும் தடையை எடுத்துவிட்டு, லைசென்ஸ் கொடுத்து, கட்டுப்பாடு வைத்து நடத்த விடலாம் என்று சட்டசபையில் மசோதா வந்தது. ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்களையும் கேட்டுவிடலாம் என்று ஒரு குழு எங்களைக் கூப்பிட்டது. அண்ணியும் கூட வந்தாள். நீள மேஜை, ஆளுக்கொரு மைக். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் அம்மா பேசியதில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. காதில் விழுந்தது இவ்வளவுதான்: “எம்புள்ளையத் தின்ன கடைக்கு நீங்களே போர்டு மாட்டிக் குடுக்கப் போறீங்களா?” குழுத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணியும் தடைதான் கேட்பாள் என்று நினைத்திருந்தோம். அவளோ எழுந்து, “தடை இருந்தப்பவேதான் அவர் ஆடினாரு. எங்கேயோ இருந்து நடத்துறாங்க, யாருன்னே தெரியாது. நிறுத்துங்கன்னு அழுது கேக்கக்கூட எனக்கு ஒரு ஆள் இல்ல. சட்டம் போடுங்க, ஆனா வீட்டாளுங்க கேட்டா அந்த ஆளை ஆட்டத்துலேர்ந்து வெளிய தள்ளியே ஆகணும்னு போடுங்க” என்றாள். வெளியே வந்ததும் அம்மா, “புருஷன் போனது போதலையா உனக்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அண்ணி, சுமந்துகொண்டிருந்த அம்மாவின் பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் பஸ் ஏறினாள். அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

போன மாதம் சட்டம் நிறைவேறிவிட்டது, அவள் கேட்டதும் அதில் இருக்கிறது. அம்மா அந்தச் செய்தி வந்த பேப்பரைத் தொடவே இல்லை. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை மகளே. நேற்று மனசு கேட்காமல், அம்மாவிடம் சொல்லாமல், அண்ணி வேலை பார்க்கும் தையல் கடைக்குப் போனேன். அவள் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவோடு கூடப் போய் அந்தச் சட்டப்படி மனு கொடுத்து, அந்தம்மாவின் மகன் இனி ஆட முடியாதபடி செய்திருக்கிறாள். நல்ல காரியந்தானேம்மா என்றேன். “நல்லதுதான் மாமா. ஆனா அந்தப் பையன் தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டானாம். அந்தம்மா ஓன்னு அழறாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு மாமா, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கானே” என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து மிஷின்களும் நின்றுவிட்டன. நான் அவள் தலையில் கை வைத்தபடி நின்றேன், வேறு என்ன செய்ய.

அம்மாவிடம் அண்ணியின் மனசை நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு மறக்காமல் போன் பண்ணு. அவளையும் இழக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

உன் அப்பா