ஆற்றுக்கு அப்பால் ஒற்றை ஆள்

அண்ணே,

இன்று காலை ஈப்போவில் எனக்குக் குளிர்காய்ச்சல் என்று கொய்னா மருந்து கொடுத்தார்கள். அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் உங்கள் முகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போய் எத்தனையோ மழை பெய்து ஓய்ந்துவிட்டது, இது மட்டும் ஓயவில்லை.

சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் உங்களைப் போல வாயாடி யார் இருந்தார்கள்? விடியற்காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போதே பக்கத்தில் நிற்பவனைச் சிரிக்க வைத்து, அவனுக்குத் திட்டு வாங்கிக் கொடுப்பீர்கள். மலாயாவுக்கு வந்த கப்பலில் நான் வாந்தியெடுத்துக் கிடந்தபோது, "மீனுக்குச் சோறு போட்டது போதும் தம்பி, எந்திரிச்சு நீ கொஞ்சம் சாப்பிடு" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள்தான் எனக்கு அண்ணன். அண்ணி கையால்தான் சோறு.

பிள்ளைப்பேற்றில் பிள்ளையோடு அண்ணியும் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு, நாங்கள் எல்லாரும் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்தில் உங்கள் அறையைப் புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்களைக் கன்றுக்காட்டுக் காவலுக்கு அனுப்பினார் கங்காணி. புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகளைப் பன்றி கிளறாமல் தகரம் தட்டி விரட்டுகிற வேலை. ஆற்றுக்கு அப்பால் ஒரு குடிசை, சுற்றிலும் ஒரு மனிதத் தலை கிடையாது. "ஒத்தக்கட்டைதானே, எங்க போட்டா என்ன?" என்றார். எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கமாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குத்தான் ஆள்துணை அதிகம் வேண்டும் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

ஓய்வு நாளில் நான் ஆற்றைக் கடந்து வருவேன். முதலில் என்னைப் போகவிடாமல் பேசினீர்கள். பிறகு நான் பேசப் பேசத் தலையாட்டினீர்கள். பிறகு அதுவும் இல்லை. நான் கொண்டுவந்த கருவாடு கட்டு அவிழ்க்காமலே எறும்பேறிக் கிடந்தது. தூக்கம் போயிற்று. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. "லயத்துக்கு வந்துடுங்கண்ணே, என்னோட படுத்துக்கலாம்" என்றால், "எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்" என்றீர்கள். அந்தப் பொய்க்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். என்னால் முடியவில்லை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கங்காணியிடம் போனேன். "அரிசி குறையுதா, சம்பளம் குறையுதா? பின்ன என்ன கேடு அவனுக்கு?" என்று விரட்டினார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கொய்னாவை ஊற்றினார்.

"காய்ச்சலே இல்லீங்களே ஐயா. பேச ஆளில்லாமத்தான் இப்படி ஆயிட்டாரு. லயத்துல போடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு வியாதியா லா? அமைதியான இடம், நல்லா ஓய்வெடுக்கட்டும்."

பட்டினி கிடப்பவனை விரதம் இருக்கச் சொன்ன வைத்தியம் அது. அடுத்த ஓய்வு நாளில் நான் வந்தபோது குடிசை வாசலில் சாய்ந்து கிடந்தீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தது. டிரசர் வந்து பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்றார்.

அன்றைக்கு லயமே திரண்டு வந்தது அண்ணே. உங்களைப் பார்க்க வரும்படி நான் கூப்பிட்டபோது அவ்வளவு தூரமா, அட்டை கடிக்குமே என்று சாக்குச் சொன்னவர்களெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப மட்டும் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று கத்தினேன். ஒப்பாரி நின்றுபோயிற்று.

பாடை கட்டி முடியுமுன்பே கங்காணி, "நாளைக்குக் காவலுக்கு யாரு?" என்று சுற்றிப் பார்த்தார். கல்யாணமாகாதவன் நான். எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது.

"போறேன். ஆனா கூட இன்னொருத்தரையும் அனுப்புங்க. ஒத்தையா ஒருத்தனும் இனிமே இந்த ஆத்தைத் தாண்ட மாட்டான்."

"சட்டம் பேச நீ யாருடா?" என்று கையை ஓங்கினார்.

உங்கள் அறையில் குடியேறிய அக்கா குறுக்கே வந்து நின்றார். "தம்பி சொல்றதுதான் சரி. ஒத்தையா அனுப்பினா நாளைக்குப் பெரட்டுக்கு நாங்க யாரும் வரல." மற்ற பெண்களும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஓங்கிய கை கீழே இறங்கியது.

இன்றைக்கும் அங்கே இரண்டு பேர்தான் காவல் என்று தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். உங்கள் சாவால் ஒரு நல்லது நடந்ததாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. இவ்வளவு சுலபமாகவா அண்ணே இருந்தது? என்னோடு சேர்ந்து இன்னொரு வாய் பேசியிருந்தால் போதுமா? அந்த வாய் ஏன் பிணத்தைப் பார்த்த பிறகுதான் திறந்தது?