மோந்து பார்த்தது தப்பு

தமிழரசி அப்பாவுக்கு,

நீங்கள் எழுவதற்குள் கிளம்புகிறேன். கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

திருவாரூரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீலைப் பார்க்கப் போகிறேன். அறுப்புக் கூலித் தகராறில் பண்ணை ஆள் உங்களைக் காதோரம் அடித்ததைச் சில வாரம் கழித்து விசாரிக்க வந்த போலீஸிடம், "பொழுது சாஞ்சா தள்ளாடிக்கிட்டுத்தான் வர்றாருங்க" என்று சொன்னவள் நான். அதை வைத்துத்தான் நீங்கள் குடித்துவிட்டு விழுந்ததாகப் பண்ணை வக்கீல் சாதிக்கிறார்.

நேற்று டாக்டர் சொன்னார்: "காதுக்குள்ள அடிம்மா. பகல்ல கண்ணால பாத்துச் சமாளிக்கிறாரு. இருட்டினா நிதானம் கெடைக்காது."

பஸ்ஸில் நீங்கள் ஒன்றுதான் சொன்னீர்கள்: "ஊரு சொல்லட்டும் அம்சம். நீயும் வாயை மோந்து பாத்தியே."

பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. அப்படியும் நான் நம்பவில்லை.

டாக்டர் சீட்டைக் கொடுத்து, நான் சொன்னது தப்பு, கோர்ட்டிலும் அப்படியே சொல்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லப் போகிறேன். சங்கத்துத் தங்கையன் அண்ணன் வந்தால் உட்காரச் சொல்லுங்கள். கொல்லைக் கதவிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை கயிறு கட்டியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டே நடங்கள்.

அம்சம்

எழுத விட்டுப்போனது: போன மாதம் ஆற்றில் முங்கியவர், மேலே எது கீழே எது என்று தெரியாமல் தவித்து எழுந்தீர்கள். நான் துணி துவைத்தபடியே, "காலையிலேயே ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். இன்றைக்குத் தனியாக ஆற்றில் இறங்க வேண்டாம். சாயங்காலம் வந்து வெந்நீர் வைத்துத் தருகிறேன்.