தெற்கே மூன்று டிகிரி

வடகரை,
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் நலத்தை அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் போனை வாங்கினால் லைன் கட்டாகிவிடுகிறது. லடாக் மலையில் சிக்னல் இல்லை என்று அம்மா எனக்குச் சமாதானம் சொல்கிறாள். பத்து மாதம் நம்புவதுபோல் இருந்தேன். இனி முடியாது. அதனால்தான் கடிதம்.

விஷயம் ஒன்றுதான். பங்குனியில் அப்பாவின் முதல் வருஷத் திவசம். கொள்ளி வைத்தவன்தான் இதற்கும் உட்கார வேண்டும் என்கிறார்கள். நான் உட்கார மாட்டேன். மூத்த மகன் நீங்கள் வந்து செய்ய வேண்டும்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோணம் அளக்கத்தான் தெரியும். இப்போது ஆலங்குளம் பக்கம் ரோடு சர்வே. எங்கள் டோட்டல் ஸ்டேஷன் முக்காலியில் நிற்கும் கருவி, உள்ளே தொலைநோக்கியும் குறி பார்க்கக் குறுக்குக் கம்பியும் உண்டு. போன வாரம் இருட்டிய பிறகு அதைத் தெற்கே பளிச்சென்று நிற்கும் அகத்தியர் நட்சத்திரத்தின் மேல் திருப்பி, குறுக்குக் கம்பி நடுவில் வைத்தேன். மூச்சு விடுவதற்குள் விலகிவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி விலகியது. கருவியில் பிசகு என்று அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன். பிசகு இல்லை அண்ணே. நான் நிற்கிற பூமி உருளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கண்ணால் பார்த்தபோது முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கூட வேலை பார்க்கிற பெஞ்சமின், "ஏலே, வானத்துக்கும் பட்டா போடப் போறியா?" என்று கேட்டான்.

அந்த நட்சத்திரத்தை நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஜனவரி 24, வெள்ளி, இரவு பத்தரை. நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 28 டிகிரி உயரம். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் பத்து டிகிரி. மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. அதே நேரம் நானும் பார்ப்பேன். பேச வேண்டாம், பாருங்கள் போதும்.

உங்கள் தம்பி,
சுபாஷ்


லடாக்,
28 ஜனவரி 2025

தம்பி சுபாஷுக்கு அண்ணன் எழுதுவது.

கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டுவலி என்று கேள்விப்பட்டேன். தென்காசிக்குக் கூட்டிப்போய்க் காட்டு. அவள் வேண்டாம் என்பாள், நீ கேட்காதே.

நீ சொன்ன நேரத்துக்கு வெளியே வந்து நின்றேன். பேனா மை உறைந்துபோகிற குளிர். மூன்று முஷ்டி வைத்துப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. சரி, கொஞ்சம் தாழ்ந்திருக்கும் என்று கண்ணை இறக்கினேன். மலைதான் இருந்தது. அரை மணி நேரம் நின்றிருப்பேன். எங்கள் யூனிட்டில் நம் புளியங்குடிப் பையன் சந்தோஷ்குமார் இருக்கிறான். "என்னத்த அண்ணாச்சி தேடுதிய?" என்றான். தம்பி ஒரு நட்சத்திரம் அனுப்பினான், வந்து சேரவில்லை என்றேன். "பார்சல்ல உடைஞ்சிருக்கும்" என்றான்.

சிரித்தேன். உள்ளே வந்து படுத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. கோபம்தான் நின்றது.

நீ நிற்கிற இடத்திலிருந்துதான் நீ எதையும் அளப்பாய். உனக்கு 28 என்றால் ஊருக்கே 28. அப்பா விஷயத்திலும் அதைத்தான் செய்தாய். ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். நான் வாசலில் வந்து நின்றபோது உன்னால் சாம்பலைத்தான் காட்ட முடிந்தது.

லீவு கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்.

சுந்தரபாண்டியன்


வடகரை,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தப்பு என்னுடையது. இரண்டு தப்பும்.

முதலில் நட்சத்திரம். 28 டிகிரி என்பது நட்சத்திரத்தின் முகவரி இல்லை. இங்கே என் காலடியிலிருந்து எடுத்த அளவு. சர்வேக்காரன் புத்தி, கருவி வைத்த இடம்தான் பூஜ்ஜியம். வானத்துக்கென்று தனி முகவரி இருக்கிறது. பூமியின் நடுக்கோட்டை அப்படியே ஆகாயத்தில் நீட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து வடக்கே, தெற்கே எத்தனை டிகிரி என்பது ஒரு எண். பங்குனியில் சூரியன் அந்தக் கோட்டைத் தாண்டுகிற புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது இன்னொரு எண். வட்டம் முழுவதும் 24 மணி என்று வைத்து இதை மணிக்கணக்கில் சொல்வார்கள். அகத்தியருக்கு 6 மணி 24 நிமிடம், தெற்கே 52 டிகிரி 42 கலை; அறுபது கலை ஒரு டிகிரி. நான் இங்கே நின்றாலும் நீங்கள் அங்கே நின்றாலும் இது மாறாது.

இந்த முகவரியை வைத்து உங்கள் வானத்தைக் கணக்குப் போட்டேன். இடம் சொல்ல மாட்டீர்கள், அதனால் லே நகரம் என்று வைத்துக்கொண்டேன். தென்காசியும் லேயும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் எனக்கு நேர் வடக்கே நிற்கிறீர்கள். இருவருக்கும் ஒரே நிமிடத்தில் அது தெற்கு உச்சிக்கு வருகிறது, தினமும் நான்கு நிமிடம் முந்தி. ஆனால் நடுவில் 25 டிகிரி பூமி வளைந்து கிடக்கிறது. எனக்கு 28, உங்களுக்கு வெறும் 3. சுற்றிலும் மலை. உங்களால் பார்க்க முடியாது.

உங்களிடம் இருப்பதை நானாவது பார்க்கலாம் என்று வடக்கே திரும்பினேன். துருவ நட்சத்திரம் உங்களுக்கு 34 டிகிரி உயரத்தில் இருக்கும், எனக்கு 9. நம் வீட்டிலிருந்து தென்னை மறைக்கும். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வேலை நடக்கும் பொட்டலில் கருவியை வைத்தேன். புகைபோல் மங்கலாக ஒரு புள்ளி. கம்பியில் வைத்துவிட்டு விலகும் என்று காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு மயிரிழைதான் நகர்ந்தது. மொத்த வானமும் ஓடுகிறது, அது ஒன்று உங்கள் பக்கம் நிற்கிறது.

இனி இரண்டாவது. அன்று காலை பத்து மணிக்கு அப்பா போனதும் பிச்சையா மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "மூத்தவன் வந்துருவானாலே? வருவான்னா ரெண்டு நாளுன்னாலும் வச்சிருப்போம்." ஐஸ் பெட்டி வந்து வாசலில் இறங்கியிருந்தது. ராணுவ லாரிகளின் கான்வாய் எப்போது, பிளைட் எப்போது, பனி எவ்வளவு என்று போனில் தேடி, முப்பத்தாறு மணி நேரம், அதுவும் நிச்சயமில்லை என்றேன். படித்தவன் சொன்னான் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நீங்கள் இருபத்தாறு மணி நேரத்தில் வந்துவிட்டீர்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை அண்ணே. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. திவசத்தன்று உங்கள் இடம் காலியாக இருக்கும். அதில் நான் உட்கார மாட்டேன்.

சுபாஷ்


லடாக்,
25 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி சுபாஷுக்கு,

மலை உச்சிக் காவல் போஸ்டுக்கு ஒரு வாரம் ஆள் கேட்டார்கள். யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடம் இல்லை. நான் கை தூக்கினேன். சந்தோஷ்குமார், "ஒங்களுக்குக் கிறுக்கா அண்ணாச்சி?" என்றான். அவனும் கூடவே வந்தான்.

இருபத்தொன்றாம் தேதி, இரவு எட்டே முக்கால். அங்கிருந்து பார்த்தால் மற்ற மலைகள் காலுக்குக் கீழே போய்விடுகின்றன. தெற்கே இரண்டு சிகரங்களுக்கு நடுவில் ஒரு வெட்டு. அதன் இடது ஓரத்தில் நெருப்புப் பொறி மாதிரி ஒன்று வந்தது. லாரி லைட் என்று நினைத்தேன். அங்கே ரோடு ஏது? சிவப்பாகவும் பச்சையாகவும் துடித்தது. விரலை நீட்டி அளந்தேன். அடிவானத்திலிருந்து இரண்டு விரல், மூன்று விரல், அவ்வளவுதான். ஏழு நிமிடம் நின்று, வலது சிகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்துவிட்டது. அந்த ஏழு நிமிடமும் அதற்கு நேர் கீழே எங்கோ நீ நிற்கிறாய் என்று இருந்தது எனக்கு.

நீ முடியாது என்று எழுதினாய். நான் பார்த்துவிட்டேன்.

உன் முப்பத்தாறு மணி நேரமும் சரியான கணக்குதான். அடுத்த கான்வாய் மறுநாள் காலையில்தான். நான் அதற்கு நிற்கவில்லை. பதினாறு கிலோமீட்டர் பனியில் நடந்தே இறங்கி ஒரு லாரியைப் பிடித்தேன். அது உன் கணக்கில் எப்படி வரும்? இதை நானும் உன்னிடம் சொன்னதில்லை. பத்து மாதம் போனைக் கட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

லீவு போட்டாயிற்று, மார்ச் பதினெட்டு முதல். அம்மாவிடம் சொல். உன் கருவியை வீட்டுக்குக் கொண்டு வந்து வை. நம் வாசலில் நின்று 28 டிகிரியில் அதைப் பார்க்க வேண்டும்.

பனி விழுந்தாலும் பிளைட் ரத்தானாலும் ஒன்று செய். கணக்குப் போடாதே. இலையைப் போட்டுவிட்டுக் காத்திரு. நான் நடந்தாவது வந்துவிடுவேன்.

உன் அண்ணன்,
சுந்தரபாண்டியன்