நான் தப்பாகப் படித்துச் சொன்ன வார்த்தை

சண்டை போடவும் சமாதானம் பேசவும் எனக்கு இந்த வீட்டில் இருந்த ஒரே ஆளான சுகந்தி அண்ணிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம்தான் வந்தது. முதலில் டாக்டர் மேல், அப்புறம் ஆங்கிலத்தின் மேல். அது கடைசியில் யார்மேல் வந்து நிற்கும் என்று தெரிந்ததால் பேனாவை மூடிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்கு எழுதாமல் இருப்பதில் அர்த்தம் இல்லை.

மருங்காபுரியில் தமிழில் படித்து, பொன்மலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருஷம் தமிழிலேயே கணக்கு சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஒருநாள் நிர்வாகம் கூப்பிட்டு, "ஒரு வருஷம் டைம் டீச்சர். அதுக்குள்ள இங்கிலீஷ்ல நடத்தப் பழகிக்குங்க, இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றது. நீங்கள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "பேங்க் பரீட்சைக்கு ஒரு இங்கிலீஷ் கிளாஸ் போறியே பானு, நானும் வரட்டுமா?" என்றீர்கள்.

கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பஸ். சனிக்கிழமை மத்தியானக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே வார்த்தைகளை ஒப்பிப்போம். எனக்கு ஒரு வார்த்தைக்கு ஓர் அர்த்தம் போதும். உங்களுக்குப் போதாது. காவிரிப் பாலத்தின் மேல் ஒருமுறை சத்தமாகவே சொன்னீர்கள்: "லோன் சாங்ஷன் ஆச்சுன்னா அனுமதி. ஒரு நாட்டு மேல சாங்ஷன் போட்டா தண்டனை. இது என்னடி, ரெண்டு பக்கமும் வெட்டுது!" கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். 'ஓவர்சைட்' என்றால் மேற்பார்வையும்தான், கவனிக்காமல் விட்ட தப்பும்தான் என்று தெரிந்த அன்று ராத்திரிச் சாப்பாடு வரை சிரித்தீர்கள்.

"ஒரு வார்த்தை தனியா வந்தா நம்பாத பானு. யார் கூட வந்திருக்குன்னு பாரு" என்பீர்கள். நான் உள்ளுக்குள் சிரிப்பேன். எல்.கே.ஜி.யிலிருந்து கான்வென்ட்டில் படித்தவள் இல்லையா? இன்சூரன்ஸ் கடிதம், பாஸ்போர்ட் விண்ணப்பம், எது வந்தாலும் வீட்டில் என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமையை என்ன சொல்லித் திட்டுவது, அண்ணி?

காய்ச்சல் என்றுதான் உங்களைச் சேர்த்தோம். மூன்றாம் நாள் நுரையீரலில் தொற்று என்று சொல்லி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மறுநாள் மத்தியானம் ஒரு இளம் டாக்டர் அட்டையில் செருகிய தாளோடு வந்தார். "சுகந்தி அட்டெண்டர் யாரு? இதுல சைன் பண்ணுங்க."

தாள் முழுக்க ஆங்கிலம். கடைசி வரியில் 'ப்ரோக்னோசிஸ் கார்டட்' என்று இருந்தது.

"சீரியஸா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதியிருக்கோம் மேடம். படிச்சுப் பாருங்க." அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

படித்தேன். கார்ட் என்றால் காவல். அப்படியானால் கார்டட் என்றால் காவலில் இருப்பது, பாதுகாப்பாக இருப்பது. எவ்வளவு சுலபம்! அது யாரோடு வந்திருக்கிறது என்று, நோய் எப்படி முடியும் என்ற கணிப்பைச் சொல்லும் 'ப்ரோக்னோசிஸ்' பக்கத்தில் நிற்கிறது என்று, பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சாயந்திரம் சத்தீஸ்கரிலிருந்து அண்ணா போன் செய்தார். அங்கே அவர் போயிருந்த பாய்லர் வேலை பாதியில் இருந்தது. "நான் கிளம்பட்டுமா பானு?"

"வேணாம்ணா. பாதுகாப்பா இருக்காங்கன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். லீவை வீணாக்காதீங்க, டிஸ்சார்ஜ் பண்ணும்போது வாங்க."

பார்வையாளர் நேரத்தில் உள்ளே வந்து உங்கள் காதருகே அதையே சொன்னேன். "'கார்டட்'னு போட்டிருக்காங்க அண்ணி. பயமே இல்லை." நீங்கள் என்னையே பார்த்தீர்கள். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "உங்க அண்ணன் வரலையா?" என்று மட்டும் கேட்டீர்கள். டிஸ்சார்ஜுக்கு வருவார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அந்த வார்த்தையின் அர்த்தம் உங்களுக்குத் தெரிந்திருந்ததா அண்ணி? ஒரு வார்த்தையின் இரண்டாவது அர்த்தம் தெரியாமல் தூங்காத நீங்கள், அன்றைக்கு ஏன் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை? நான் பயந்துவிடுவேன் என்றா?

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்விட்டீர்கள். மூச்சு திணறுகிறது என்று முந்தின நாள் சாயந்திரம்தான் சொன்னார்கள். அண்ணா கிடைத்த ரயிலில் ஏறி, விஜயவாடாவைக்கூடத் தாண்டாமல் இருந்தார்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டுகளை வாங்கப் போனபோது நர்ஸம்மா சொன்னார், "கார்டட்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தோமேம்மா." பாதுகாப்பு என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இல்லைம்மா. பிழைப்பாங்கன்னு உறுதி சொல்ல முடியாதுன்னு அர்த்தம். டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க."

அந்த டாக்டரைத் தேடிப்பிடித்து, "இதைத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், நீங்களும் தமிழ்தானே?" என்றேன். "நீங்க படிச்சுட்டுதானே மேடம் சைன் பண்ணீங்க?" என்றார்.

உங்கள் பள்ளியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அறிவிப்புப் பலகையில் 'லேட் திருமதி சுகந்தி' என்று ஒட்டினார்கள். பஸ் தாமதமாகி ஐந்து நிமிஷம் பிந்தினால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவார்களே, அதே வார்த்தை. உங்கள் இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். ஆங்கிலம் பொழிகிறாளாம். பின்னத்தைத்தான் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்று அங்கேயே படிக்கும் உங்கள் மகள் யாழினி சொல்கிறாள்.

அண்ணா வெளியூர் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கிறார். பார்க்கிறவரிடமெல்லாம், "பாதுகாப்பா இருக்கான்னு எழுதிக் குடுத்து ஏமாத்திட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மாதம், அண்ணி! போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாளோடு வந்து உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி மேல புகார் குடுக்கப் போறேன். நீதான் நல்ல இங்கிலீஷ்ல எழுதித் தரணும்."

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

வெள்ளைத்தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "அன்னிக்கே கிளம்பியிருந்தா பாத்திருப்பேனா?" என்றார்.

"பாத்திருப்பீங்கண்ணா."

திட்டவில்லை, அடிக்கவில்லை. எழுந்து போய் யாழினியின் புத்தகப் பையை எடுத்தார், அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இப்போது பொன்மலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனேன். யாழினிதான் கதவைப் பாதி திறந்தாள். "அப்பா வேணாம்னு சொல்லச் சொன்னாங்க அத்தை" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

அந்தப் புகாரை நான் எழுதுவேன் அண்ணி. தமிழில். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது புரியாத பாஷையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதுவேன். அதற்கு முன்னால், முதல் பத்தியிலேயே, தெரியாத வார்த்தையைத் தெரிந்ததாகச் சொன்னவள் நான் என்றும் எழுதுவேன். அண்ணா சேர்ந்து கையெழுத்துப் போடாவிட்டாலும் அனுப்புவேன். ஒரு பிரதியை யாழினிக்காக எடுத்துவைப்பேன். அவள் வளர்ந்து என்னை வெறுக்க வேண்டியிருந்தால், நடந்தது தெரிந்தே வெறுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
பானு